ஒற்றை ஆட்டின் பின்னால் ஓடாதே

ஹ்வாமுர் பண்ணை,
20 அக்டோபர் 1995

அன்புள்ள ஸ்வாலாவுக்கு,

நீ ரெய்க்யாவிக் போய்ச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் போனில் நான்கு சண்டை. நேற்று நீ போனை வைத்த வேகத்தில் இங்கே நாய் எழுந்து வெளியே போய்விட்டது. ஆகவே நீ சொன்னபடி இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது பெரிய குறை, உனக்கு அது பெரிய நிம்மதி என்று தெரியும்.

நம் ஒப்பந்தத்தை இங்கே எழுதிவிடுகிறேன், பின்னால் நீ மாற்றிப் பேசக் கூடாது. ஒரே ஒரு சீசன். காக்கை அணியின் பெண்களுக்கு நீ பயிற்சியாளர். அடுத்த செப்டம்பரில் அவர்கள் லீக் கோப்பையை வாங்கினால் நீ அங்கேயே தொடரலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன். வாங்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும், கால்பந்து என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. சமையலறையில் கைகுலுக்கி ஒத்துக்கொண்ட விஷயம் இது. போன வருடம் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்த அணி அது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கைகுலுக்கினேன்.

இங்கே ஆடு அறுப்பு முடிந்தது. ரத்தத்தையும் மாவையும் பிசைந்து குடல்பையில் அடைத்துத் தைக்கிற வேலை இந்த வருடம் என் தலையில் விழுந்தது. நான் தைத்ததில் பாதி கொதிக்கிற பானையிலேயே வாயைப் பிளந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை ஹெர்டிஸ் வந்து மூடியைத் திறந்து பார்த்து, "என்னடா டோர்வி, சூப்பு வெச்சிருக்கியா?" என்றாள். இப்போது பள்ளத்தாக்கு முழுக்க இதே பேச்சு.

வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. ஆட்டத்தில் அடிபட்ட அந்த முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன்
டோர்வி


ரெய்க்யாவிக்,
12 நவம்பர் 1995

என் அருமை டோர்விக்கு,

குடல்பையை ஊசி நூலால் மட்டும் தைத்தால் போதாது. அடைக்கும்போது மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருடமாக அந்தப் பானைக்குப் பக்கத்தில் காப்பியோடு நின்று பார்த்தவன் நீ. என்னத்தைப் பார்த்தாயோ.

காலையில் எனக்கு நீச்சல் குளத்தில் வேலை. "சோப்பு போட்டுக் குளிச்சிட்டு இறங்கு!" என்று மதியம் வரை கத்துகிறேன். சாயங்காலம் அதே தொண்டையோடு மைதானம். மைதானம் என்றால் புல் இல்லை, கருப்புச் சரளைக் கல். புல்தரை ஆண்களுக்கு. சரளையிலும் ஆண்கள் முடித்த பிறகு மிச்சமிருக்கிற நேரம் எங்களுக்கு. விழுந்து எழுந்தால் முழங்காலில் கல் ஒட்டிக்கொண்டு வரும். பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் ஊசியால் எடுத்துவிட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் தினமும் போகிறேன்.

டாக்னி என்று ஒருத்தி. மீன் ஆலையில் வேலை, பின்வரிசையில் ஆடுகிறாள். அவள் வேகத்துக்கு நார்வேயில் என்னோடு விளையாடியவர்களில்கூட ஆள் கிடையாது. ஆனால் பந்து எங்கே போனாலும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே ஓடிவிடுவாள். ஒரு நாள் பந்தையே வெளியே எடுக்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தேன். இந்தப் பக்கத்தில் இருப்பவளையும் அந்தப் பக்கத்தில் இருப்பவளையும் பார்த்துக்கொண்டே மைதானத்தை நடந்து கடக்க வேண்டும். செப்டம்பரில் மலையிலிருந்து ஊர் ஆடுகளை இறக்கும்போது, மலைராஜா என்ற பட்டத்தோடு முன்னால் நின்று நீ ஆட்களிடம் கத்துவாயே, அதையே கத்தினேன். "ஒத்த ஆட்டுக்குப் பின்னால ஓடாதே! நீ ஓடினா உன் இடம் ஓட்டையாயிடும், அந்த ஓட்டையில மந்தையே போயிடும்!"

டாக்னி நின்றுவிட்டாள். "இது என்ன, ஃபுட்பாலா ஆடு மேய்க்கிறதா?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஆட்டுக்குக் கொஞ்சம் புத்தி ஜாஸ்தி," என்றேன்.

மலைராஜாவே, உன் தொழிலைத் திருடிவிட்டேன். போலீசுக்குப் போகாதே.

உன்
ஸ்வாலா


ஹ்வாமுர்,
11 பிப்ரவரி 1996

அன்புள்ள ஸ்வாலா,

நேற்று ஊர்க் கூடத்தில் குளிர்கால விருந்து. புளித்த சுறாவும் சுட்ட ஆட்டுத்தலையும் வழக்கம்போல. பிறகு வழக்கம்போல வருடத்தின் நாடகம். இந்த வருடம் யார் மானத்தை வாங்குவார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். திரை விலகியதும் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஹெர்டிஸ் நிற்கிறாள்! பள்ளிக்கூட வாத்தியார் உன் வேஷத்தில், கழுத்தில் விசில். அவர் கருப்புச் சிறகைக் கட்டிக்கொண்டு பறந்து போகிறார், ஹெர்டிஸ் கைத்தடியோடு பின்னாலேயே ஓடுகிறாள். "ஊர் ஆட்டையெல்லாம் மலையிலேர்ந்து இறக்குற ராஜாவால ஒத்தப் பொண்டாட்டிய ரெய்க்யாவிக்லேர்ந்து இறக்க முடியலையே!" கூடமே குலுங்கியது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். அது எதனால் வந்த தண்ணீர் என்று என்னைக் கேட்காதே.

காப்பி குடிக்கும்போது ஒருத்தன், "பொம்பளைங்க ஆட்டத்துக்கு எதுக்குப்பா கோச்சு?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அக்யுரெய்ரியில் நடந்த அந்தக் கோடைப் போட்டியில் உனக்குப் பத்தொன்பது வயது. முழங்கை பட்டு மூக்கு உடைந்தது. ஓரமாக வந்து, ஐஸ் வாளியில் முகத்தை அமுக்கிவிட்டு, மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போனாய். போகும் வழியில் நடுவரிடம், "எவ்ளோ நேரம் பாக்கி?" என்று மட்டும் கேட்டாய். பொதுப்பாதை ஓரத்தில் டிராக்டரை நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். இதை உன்னிடமே நான் சொன்னதில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன், உனக்கும் தெரிந்துவிடட்டும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒப்பந்தப்படி நீ தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், உனக்காக ஊரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உன்
டோர்வி


ரெய்க்யாவிக்,
9 ஜூன் 1996

என் டோர்விக்கு,

அந்த டிராக்டர் சிவப்பு நிறம். நான் உன்னைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு இருந்தால் கண் தெரியாது என்று நினைத்தாயா?

இங்கே செய்திக்குப் பஞ்சமில்லை. மே மாதம் வந்தும் எங்களைப் புல்லில் இறங்க விடவில்லை. கிளப் தலைவர் ஹாவரிடம் போய்க் கேட்டால், "புல்லு இன்னும் சின்னப் பிள்ளை ஸ்வாலா, மிதிச்சா செத்துரும்" என்கிறார். அதே புல்லில் ஆண்கள் அணி குதித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் பெண்களை அழைத்துக்கொண்டு போய்ப் புல்லின் நடுவே உட்கார வைத்தேன். பந்து இல்லை, கூச்சல் இல்லை. டாக்னி பின்னல் வேலையை எடுத்துக்கொண்டாள், மற்றவர்களும் எடுத்தார்கள். ஆண்கள் வந்து ஓரமாக நின்றார்கள். ஹாவர் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"புல்லு வளர்றதப் பாத்துட்டிருக்கோம். சின்னப் பிள்ளையைத் தனியா விடலாமா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள் புல் எங்களுக்கு. டாக்னியின் கம்பளிச் சட்டைக்கு அன்றைக்கு ஒரு கை வளர்ந்தது.

ஆடிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஜெயித்திருக்கிறோம். வரிசை நிற்கிறது டோர்வி! நான் ஓரத்திலிருந்து கையை உயர்த்தினால் பின்வரிசை நான்கு பேரும் ஒன்றாக ஓர் அடி மேலே வருகிறார்கள். விளையாடின காலத்தில், நாட்டுக்காக ஆடின நாட்களில்கூட, இவ்வளவு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. அப்போது என் காலை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். இப்போது எனக்கு இருபத்திரண்டு கால்.

ஒரே ஒரு வருத்தம். மே மாதம் குட்டி போடுகிறது என்றாய், சரி. ஜூலையில் வைக்கோல் என்பாய். செப்டம்பரில் மலை என்பாய். ஆடுகளுக்கும் கால்பந்துக்கும் ஒரே காலண்டரைக் கொடுத்தவர் யாரோ, அவர்மேல் எனக்குக் கோபம். நான் பயிற்சி கொடுத்து நீ ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. எதை விடச் சொல்கிறாய் என்று தெரியாமலேயே விடச் சொல்கிறாய்.

ஸ்வாலா


ஹ்வாமுர்,
25 ஆகஸ்ட் 1996

அன்புள்ள ஸ்வாலா,

உன் ஜூன் கடிதத்தின் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லாததால் இத்தனை நாள் எழுதவில்லை. வைக்கோல்மேல் பழியைப் போடலாம், போட மாட்டேன்.

ரேடியோவில் ஆட்ட முடிவுகள் சொல்கிறார்களே, ஆண்கள் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மீன்பிடிக் கப்பல்களுக்கு வானிலை, அதெல்லாம் முடிந்து கடைசியில் பெண்கள். அதுவரை கொட்டகையில் கையில் வைக்கோல் அள்ளும் கவையோடு நிற்பேன். நேற்று "காக்கை அணி மூன்று" என்றதும் நான் போட்ட கூச்சலில் கொட்டகை வாசலுக்கு வந்துகொண்டிருந்த ஹெர்டிஸ் கையிலிருந்த முட்டைக் கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏண்டா, அவ ஜெயிச்சா உனக்குத்தானடா நஷ்டம்?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குக் கத்துற?"

"தெரியல."

"பைத்தியம்," என்று சொல்லிவிட்டு உடையாத முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

கடைசி ஆட்டம் செப்டம்பர் பதினான்காம் தேதி சனிக்கிழமை என்று பேப்பரில் பார்த்தேன். அன்றைக்குத்தான் பட்டியில் காதுக் குறி பார்த்து அவரவர் ஆட்டைப் பிரிக்கும் நாள். ஊர் கவுன்சிலில் தேதியை ஒரு வாரம் தள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். "பந்துக்காகவா?" என்றார்கள். மேலே ஏற்கெனவே பனி விழத் தொடங்கிவிட்டது, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மலைராஜா இல்லாமல் பிரிக்கும் நாள் என்று இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்று நடந்ததே இல்லை. வர முடியாது. மன்னித்துக்கொள்.

டோர்வி


ரெய்க்யாவிக்,
7 செப்டம்பர் 1996

டோர்விக்கு,

வர முடியாது என்று எனக்கும் தெரியும். நானும் அந்த மலையில் நடந்தவள்தானே.

சனிக்கிழமை நிலவரம் இதுதான். முதலிடத்தில் இருக்கும் அணியோடே எங்கள் ஆட்டம். நாங்கள் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. டிரா ஆனாலே அவர்களுக்கு. ஹாவர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஜெயிச்சாலும் தோத்தாலும் இன்னும் மூணு வருஷத்துக்கு நீதான். கையெழுத்துப் போடு," என்றார். நான் போடவில்லை. ஒருவரிடம் கைகுலுக்கியிருக்கிறேன், சனிக்கிழமைக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். "யாருகிட்ட? வேற கிளப்பா?" என்று பதறிவிட்டார். "ஆமா, பெரிய கிளப். முந்நூறு பேரு, எல்லாருக்கும் கம்பளி," என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பிறகு நீச்சல் குளத்தின் பின்னால் போய் நின்று அழுதேன். எனக்கு ஜெயிக்க வேண்டும் டோர்வி. நீ வேண்டாம் என்பதற்காக இல்லை.

ஸ்வாலா


ரெய்க்யாவிக்,
15 செப்டம்பர் 1996

டோர்விக்கு,

ரேடியோவில் கேட்டிருப்பாய். ஒன்றுக்கு ஒன்று.

பெட்டி கட்டிவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கொடுத்த வார்த்தை வார்த்தைதான், அதைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். நிறுத்தத்துக்கு ஜீப்பைக் கொண்டுவா, பெட்டி கனமாக இருக்கும்.

ஸ்வாலா


ஹ்வாமுர்,
16 செப்டம்பர் 1996

என் ஸ்வாலா,

உன் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. அதில் என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தபாலை நம்பாமல் இதை பஸ் டிரைவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். நீச்சல் குளத்தில் உன்னைத் தேடிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். குளிக்காமல் உள்ளே வந்தால் திட்டாதே.

நான் வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய ஆடுகளைப் பட்டி வரை இறக்கிவிட்டோம். வழியில் ஒன்றும் தப்பவில்லை. எல்லோரும் பாட்டிலைத் திறந்து பாட ஆரம்பித்தார்கள். நான் என் கைத்தடியை ஹெர்டிஸ் கையில் கொடுத்து, "நாளைக்கு நீதான் ராஜா," என்றேன். அவள் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். விடிவதற்கு முன்னால் ஜீப்பை எடுத்துவிட்டேன்.

சாக்கடையில் முக்கின மாதிரி நாறிக்கொண்டு, மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, நீ பார்க்கக் கூடாதென்று எதிரணிக் கூட்டத்தின் நடுவே நின்றேன். நீ மைதான ஓரத்தில் நின்றிருந்தாய். மழை. குடை இல்லை. கையை உயர்த்தினாய். நான்கு பெண்களும் ஒன்றாக நகர்ந்தார்கள். ஸ்வாலா, இருபது வருடமாக நான் மலையில் ஆட்களை வரிசையில் நிறுத்துகிறேன். எனக்கு ஒரு நாளும் அப்படி ஒரு வரிசை நின்றதில்லை. உங்கள் அணி கோல் போட்டதும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பி, "யோவ், நீ எந்தக் கட்சிய்யா?" என்றாள். "இன்னும் முடிவு பண்ணலம்மா," என்றேன்.

பிறகு அந்தக் கடைசி நிமிடங்கள். டாக்னி பந்தைப் பார்த்து ஓடினாள். ஓடிய இடம் ஓட்டையானது. அவள் முதல் அடி வைத்தபோதே நான் "நில்லுடி!" என்று கத்தினேன். உன் குரலும் அதே நேரத்தில் கேட்டது. பந்து உள்ளே போனது. என்னைச் சுற்றி எல்லோரும் குதித்தார்கள். ஒப்பந்தப்படி நான் ஜெயித்துவிட்டேன். அப்படி ஒரு வயிற்றெரிச்சல் எனக்கு எந்தத் தோல்வியிலும் வந்ததில்லை.

விசில் ஊதிய பிறகு நான் போகாமல் நின்றேன். டாக்னி சேற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நீ அவளிடம் போனாய், கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டாய், பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்தாய். உன் அணியையும் வேலையையும் அந்த ஒரு ஓட்டத்தில் பறித்துவிட்டவள் அவள். அது அவளுக்குத் தெரியாது. நீ சொல்லவும் இல்லை. பிறகு எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு, பந்துகளையெல்லாம் நீயே பொறுக்கிக்கொண்டு கடைசியாகப் போனாய், ஒரு காலைச் சற்று இழுத்துக்கொண்டு.

உன் முன்னால் வந்திருந்தால் "நீ ஜெயிச்சிட்ட டோர்வி" என்று சொல்லியிருப்பாய். அந்தச் சொல்லைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வராதே ஸ்வாலா. என் முதல் கடிதம் உன்னிடம் இருந்தால் அடுப்பில் போடு. எதை விடச் சொன்னேன் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஹாவரிடம் போய்க் கையெழுத்துப் போடு. வீடு இங்கேதான் இருக்கும், நானும் இருப்பேன். எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து இந்தச் சமையலறையில் உட்கார்ந்தால் நான் கட்டின ஸ்வாலா என்னிடம் இருக்க மாட்டாள் என்பது மட்டும் தெரிகிறது.

இன்னொரு செய்தி. ஹெர்டிஸ் மூக்குக்கண்ணாடியை மலைக் குடிசையில் விட்டுவிட்டாளாம். காதுக் குறி தெரியாமல் என் ஆடுகளில் பாதியைத் தன் பட்டிக்குள் இழுத்துப் போட்டுவிட்டாள். கேட்கப் போனால், "ராஜா ஊர்ல இல்ல, நான் என்ன பண்ண?" என்கிறாள். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அடுத்த குளிர்கால நாடகமும் என்னைப் பற்றித்தான்.

என்றும் உன்
டோர்வி


ரெய்க்யாவிக்,
18 செப்டம்பர் 1996

என் உயிர் டோர்வி,

பஸ் டிரைவர் பூட்ஸ் காலோடு குளத்தின் விளிம்பு வரை வந்துவிட்டார். திட்டவில்லை. உன் கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். குளத்தில் இருந்த கிழவர்கள் எல்லோரும் நீந்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருத்தர், "கெட்ட சேதியாம்மா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா ஆமாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

படித்த கையோடு நேற்றே ஹாவரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் வரவில்லை.

ஆனால் அடுத்த வார இறுதியில், மலையில் தப்பி நிற்கும் ஆடுகளைத் தேடி இரண்டாவது முறை ஏறுவீர்களே, அதற்கு வருகிறேன். தனியாக இல்லை, அணியோடு. சீசன் முடிந்துவிட்டது, எல்லோரும் கிளம்பத் தயார். படுக்க வைக்கோல் கொட்டகை போதும். டாக்னி முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டாள். "உண்மையான ஆட்டுல ஒரு தடவை கத்துக்கணும்," என்கிறாள். வரிசையின் நடுவில் உன் பார்வையில் நிறுத்து அவளை. ஓடினால் நீயே கத்து. சூப்பு வைத்துவிடாதே, சமையல் எங்கள் பொறுப்பு.

எனக்கு ஒரு சந்தேகம். ஒற்றை ஆட்டின் பின்னால் ஓடாதே என்று இருபது வருடமாகக் கத்துகிற ஒருவர், பட்டி வரை கொண்டுவந்த மந்தையை அப்படியே விட்டுவிட்டு ஒற்றை ஆட்டின் பின்னால் ரெய்க்யாவிக் வரை ஓடியிருக்கிறார். அவர் இடம் ஓட்டையாகி, அந்த ஓட்டையில் பாதி மந்தை ஹெர்டிஸ் பட்டிக்குப் போய்விட்டது. எந்தப் பயிற்சியாளரும் இதை மன்னிக்க முடியாது. நானும் உன்னை மன்னிக்கப் போவதில்லை. உயிர் இருக்கும் வரை மறக்கப் போவதும் இல்லை.

மலையில் என்னை எங்கே வேண்டுமானாலும் நிறுத்து. அங்கே கையை உயர்த்துவது நீ. உயர்த்தினால் நகர்கிறேன், முழங்கால் மட்டும் கொஞ்சம் பின்னால் வரும்.

உன்
ஸ்வாலா

பின்குறிப்பு: அடுத்த சீசனின் முதல் ஆட்டம் மே மாதம், குட்டி போடுகிற நேரம். வர முடியாது என்று தெரியும். ஒருவேளை வந்தால், எங்கள் பக்கத்தில் நில்.